சேகர் அண்ணனின் நேர் லைன்

எனக்கு முப்பத்து மூன்று வயதாகிறது. பணி ஓய்வு பெற்றுவிட்டேன். சம்பளம் வருகிறது, அதே அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அதே ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டுதான் போகிறேன். ஓய்வு ரூட்டரில் கை வைப்பதிலிருந்து மட்டும். எங்கள் இணைய நிறுவனத்தில் இப்போது பியர் போடும் வேலையை ஒரு மென்பொருள் செய்கிறது. திரையில் நாலைந்து கட்டங்கள் வரும். நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் மீதியை அதுவே எழுதிக்கொள்ளும். என்னைத் திட்டப் பிரிவுக்கு மாற்றி, மாடியில் ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டார்கள். கீழ்த்தளத்துப் பிள்ளைகள் "ரிட்டயர்டு அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இதையெல்லாம் நீங்க கையாலயா டைப் அடிச்சீங்க?" குழம்புக்கு அம்மியிலா அரைத்தீர்கள் என்று கேட்கிற அதே குரல். கூட இருந்தவன், "எழுதி வைங்கக்கா, ஆபீஸ் மலர்ல போடுவோம்" என்றான். போட்டுத்தான் பார்க்கட்டுமே.

கணக்குப் பிரிவிலிருந்தும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் முதலில் ஒரு விளக்கம். இன்டர்நெட் என்பது ஒரே வலை இல்லை. ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் தனித்தனி வலைகள். ஒவ்வொரு வலைக்கும் ஓர் எண் உண்டு. எல்லையில் ரூட்டர் என்ற பெட்டி உண்டு. இரண்டு வலைகள் பேசிக்கொள்ள வேண்டுமானால், உன் எண்ணையும் முகவரியையும் என் ரூட்டரில் நான் எழுத வேண்டும்; என்னுடையதை உன் ரூட்டரில் நீ எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால், பெண் வீட்டார் மட்டும் பத்திரிகை அடித்த கல்யாணம்தான். இரண்டு பக்கமும் எழுதியதும் ரூட்டர்கள் பேச ஆரம்பிக்கும். "இந்தந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்" என்று ஒன்றுக்கொன்று வழி சொல்லும். இப்படி ஜோடி சேர்ப்பதற்குத்தான் பியர் போடுவது என்று பெயர். சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நிமிடம் சத்தம் வராவிட்டால், எதிராளி போய்ச் சேர்ந்துவிட்டான் என்று முடிவுகட்டி, அவன் சொன்ன வழிகளையெல்லாம் அழித்துவிடும். மாமியார்களே இதைவிடப் பொறுமைசாலிகள்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்ததில்லை. அப்பாவைப் பெற்றவர்கள் கோயில்பதாகை வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அப்பா எஸ்டேட்டில் லோடு ஏற்றினார். அம்மா கார்மென்ட்ஸில் காஜா அடித்தாள். நான் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் படித்து, அரியர் இல்லாமல் வெளியே வந்தேன். இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். வேலை கிடைத்ததும் அப்பா தெருவில் எல்லோரிடமும், "பொண்ணு இன்டர்நெட்டுக்கு ரோடு போடுறா" என்று சொல்லிவிட்டார். அடுத்த மழைக்கே எங்கள் தெருக்காரர்கள் என்னிடம் பள்ளத்தைக் காட்டினார்கள்.

பயிற்சிக் காலம் பார்க்கிற காலம். ரூட்டரில் எதையும் மாற்ற உரிமை கிடையாது. நிலவரம் கேட்கலாம், அது பதில் சொல்லும், படித்துக்கொண்டிருக்கலாம். பிறகு தேவநேசன் சாரின் அணியில் போட்டார்கள்.

தேவநேசன் சார் ஒரு நாளும் விசைப்பலகையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நாம் உட்கார்ந்திருக்க, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் ஒரு வரி அடித்ததும், என்டர் தட்டுவதற்கு முன் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எண்களை ஒவ்வொன்றாக, தபால்காரருக்கு விலாசம் சொல்வதுபோல. அவர் "ம்" என்றால் தட்டலாம். தட்டியதும், "கையை எடு" என்பார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரூட்டர் என்ன சொல்கிறது என்று முழுதாகப் பார்க்க வேண்டும். பாதித் தவறுகள் அடுத்த வரியை அவசரமாக அடிப்பதில் வருகின்றன என்பது அவர் கட்சி. "சார், சரியாயிடுச்சு" என்று துள்ளினால், பாராட்டு வராது. "எப்படித் தெரியும்?" என்பார். இந்த இரண்டு சொல்லுக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை கற்றோம்.

இன்னொரு சட்டமும் உண்டு. தூரத்து ரூட்டரில் ஒரு வரி தவறினால், அதற்குள் போகிற வழியே அடைபட்டுப்போகலாம். அதனால் வேலையைத் தொடங்கும்முன், "பத்து நிமிடத்தில் நீயே அணைந்து, பழைய நிலைமையில் எழுந்துகொள்" என்று ரூட்டரிடம் சொல்லிவைப்போம். வேலை நல்லபடியாக முடிந்தால், மறக்காமல் அந்தக் கட்டளையை ரத்து செய்ய வேண்டும். எங்களோடு இருந்த பிரபு ஒரு நாள் பூந்தமல்லி ரூட்டரில் ஒரு பியரை முதல் தடவையிலேயே தூக்கி நிறுத்தினான். பெருமை தாங்காமல் எங்கள் எல்லோரையும் டீக்கடைக்கு இழுத்துப்போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். ரத்து செய்யவில்லை. நாங்கள் இரண்டாவது பஜ்ஜியில் இருக்கும்போது பாதிப் பூந்தமல்லி அணைந்தது. தலைதெறிக்க ஓடி வந்த பிரபுவிடம் தேவநேசன் சார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பஜ்ஜி நல்லா இருந்துதா?" பிரபுவின் கல்யாண பேனரில் நாங்கள் "பத்து நிமிஷம் பிரபு" என்று அச்சடித்தோம். பெண் வீட்டார் அர்த்தம் கேட்டபோதுதான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

இனி சேகர் அண்ணனுக்கு வருகிறேன்.

பருத்திப்பட்டில் அவரைக் கேபிள் சேகர் என்றால்தான் தெரியும். டிவி கேபிள் இழுத்து ஆரம்பித்தவர், காலத்துக்கேற்ப வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கினார். ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களெல்லாம் அவர் லைன்தான். அதுவரை இன்னொரு நிறுவனத்திடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர், தன் வலைக்கென்று சொந்த எண் வாங்கினார். எண் கையில் கிடைத்ததும் அதை வேனின் பின்னால் பெரிதாக எழுதிவிட்டார். ஆவடி டிராஃபிக் போலீஸ்காரர், ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு நம்பர் என்று நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

எண் வருவதற்குப் பல மாதம் முன்பே, இனி எங்களிடம் நேராக இன்டர்நெட் வாங்குவதற்காக, பருத்திப்பட்டிலிருந்து திருமுல்லைவாயல் வழியாக எங்கள் அலுவலகம் வரைக்கும் ஃபைபர் இழுத்துவைத்துவிட்டார். "நேர் லைனு. நடுவுல ஒரு ஈ எறும்பு கெடையாது" என்பார். எண் வந்ததும் பழைய நிறுவனத்தோடு சண்டை போட்டு, "சாயங்காலத்தோட என் லைன வெட்டிக்கோ, ஒண்ணியும் தேவையில்ல" என்று சொல்லிவிட்டார். அவர்களும் நல்லவர்கள். சரி, வெட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை கிரிக்கெட் இறுதிப் போட்டி. ஏரிக்கரை முனையில் ஒரு பெரிய கம்பெனிக்காரன் குடை விரித்து, இன்டர்நெட் பெட்டி இலவசம் என்று கூவிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மேட்ச் பாதியில் நின்றால், சேகர் அண்ணனின் வீடுகள் மொத்தமும் மறுநாள் காலையில் அந்தக் குடைக்குக் கீழே வரிசையில் நிற்கும்.

தேவநேசன் சார் என்னிடம், "இது உன் பியர்" என்றார். என் பெயரில் முதல் பியர். காலையில் வரி வரியாகப் படித்து, "ம்" வாங்கி, தட்டி, கையை எடுத்தேன். பருத்திப்பட்டில் சேகர் அண்ணனின் மனைவி கலா அக்கா, நான் போனில் சொன்னதைத் தன் ரூட்டரில் அடித்தார். இரண்டு ரூட்டரும் உடனே பேசத் தொடங்கின. நான் திரும்பி சாரைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடத்தில் விழுந்தது. தானாக எழுந்தது. மறுபடி மூன்று நிமிடத்தில் விழுந்தது.

சேகர் அண்ணன் போனில் வந்தார். "இன்னாம்மா, உன் டப்பா மூணு நிமிசத்துக்கு ஒரு தபா மூர்ச்சை போவுது?"

"எங்க பக்கம் க்ளீனா இருக்குண்ணே. உங்க ரூட்டர்தான் வெட்டி விடுது."

"நீ பேச மாட்டேங்குறே, அதான் வெட்டுது. எங்க ஊட்டுல எல்லாம் சரியாத்தான் கீது. பிங்கு போவுதே, பாக்கலியா?"

எங்கள் தொழிலின் சம்பிரதாயம் இது. எது கெட்டாலும் இரண்டு பக்கமும் முதலில் "எங்க பக்கம் க்ளீன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். மதியம் வரை சொல்லிக்கொண்டோம். "அண்ணே" என்று தொடங்கியவள் "சார்" என்று அழைக்க ஆரம்பித்திருந்தேன். அவர் "ம்மா"விலிருந்து "மேடம்" என்பதற்கு மாறியிருந்தார். மரியாதை கூடக்கூடச் சண்டை முற்றுகிறது என்று அர்த்தம்.

தேவநேசன் சார் கேட்டார்: "உன் பக்கம் க்ளீன். எப்படித் தெரியும்?"

அப்போதுதான் வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். பிங் என்பது சின்னப் பொட்டலம், போய்த் திரும்புகிறது. பியர் எழுந்ததும் நாங்கள் அவருக்கு இன்டர்நெட்டின் மொத்த வழிகளையும் அனுப்புகிறோம். அவை பெரிய பொட்டலங்கள். பிங்கின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி அனுப்பினேன். ஓர் அளவு வரை போயிற்று. அதற்கு மேல் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ரயில்வே சுரங்கப்பாதையில் உயரமான லாரி மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் ஆட்டோவும் நிற்கத்தானே வேண்டும்? பெரிய பொட்டலம் வழியில் சிக்க, அதன் பின்னால் வரிசையில் நின்ற எங்கள் "இருக்கேன்" என்ற சின்னச் சொல்லும் போய்ச் சேரவில்லை. அவர் ரூட்டர் நாங்கள் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஃபைபர் என்பது வெளிச்சம் ஓடும் கண்ணாடி இழை. அதற்குச் சின்னது பெரியது தெரியாது. அளவு பார்த்துத் தடுக்கிறது என்றால் நடுவில் ஏதோ பெட்டி இருக்கிறது. எங்கள் முனைக்கு வந்துசேரும் வெளிச்சத்தின் அளவைப் பார்த்தேன். பருத்திப்பட்டிலிருந்து வருகிற வெளிச்சம் களைத்து மங்கலாக வர வேண்டும். இது பக்கத்துத் தெருவிலிருந்து டார்ச் அடித்ததுபோல் பளிச்சென்று வந்துகொண்டிருந்தது.

அவர் லைன் வருகிற வழியில் எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது திருமுல்லைவாயல்தான். போனை எடுத்தேன். "அண்ணே, திருமுல்லைவாயல்ல உங்களுக்கு யார் இருக்காங்க?"

"ஏன் கேக்குறே?" என்றார், பாதிக் குரலில்.

விஷயம் வெளியே வந்தது. அவருடைய மகளுக்குத் திருமுல்லைவாயலில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் மாசிலாமணி என்பவரின் மகனை நிச்சயம் செய்திருக்கிறார். அந்த ஊரில் பழைய நிலக்காரக் குடும்பம். ஃபைபர் இழுத்தபோது அது மண்டபத்து வாசலைத் தாண்டித்தான் போயிற்று. சம்பந்திக்கு மரியாதை செய்ய வேண்டாமா? லைனை அங்கே வெட்டி, பரணில், லைனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பழைய ஸ்விட்ச் பெட்டியை நடுவில் வைத்து, மண்டபத்துக்கு இலவச இன்டர்நெட் கொடுத்திருக்கிறார். எங்கள் நிறுவனம் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு சின்னச் சீட்டை ஒட்டி அனுப்பும். பெரிய பொட்டலத்தில் சீட்டும் ஒட்டினால், அந்தக் கிழட்டுப் பெட்டியின் வாசலுக்குள் நுழையவில்லை.

"இன்னிக்கு அங்க சம்பந்தி பொண்ணுக்கு வளகாப்பும்மா. சிங்கப்பூர்க்கு லைவ் உட்டுகினு கீறாங்க. இப்போ புடுங்குனா சம்பந்தி என் மூஞ்சில முழிப்பாரா? பொண்ணு குடுக்கிற எடம்மா. நீயே அங்கேர்ந்து ஏதாச்சும் தட்டி உடேன்."

தட்டிவிடலாம். இரண்டு பக்கமும் பொட்டலத்தின் அளவைக் குறைத்து ஆளுக்கு ஒரு வரி போட்டால் பியர் நிற்கும். சாரிடம் சொன்னேன்.

"போடலாம்" என்றார். "அந்தப் பழைய பெட்டி அவரோட எல்லா வீட்டையும் தாங்குமா?"

"தாங்காது சார்."

"உன் பியர்" என்றார் மறுபடியும்.

பையில் ஃபைபர் இணைப்பானைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

மண்டப வாசலில் சேகர் அண்ணன் நின்றிருந்தார். நேரில் அன்றுதான் பார்க்கிறேன். போனில் ஆறடி ஆளாகக் கேட்டவர், என் தோளுக்குத்தான் இருந்தார். பரண் எந்த அறையில் என்று கேட்டேன். மணமகள் அறை என்றார். உள்ளே பெண்கள் புடவை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கதவுக்கு வெளியே நின்றுகொள்ள, நான் மட்டும் உள்ளே போய் ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"ஏசி ரிப்பேரா?" என்றாள், தலையில் பூவைச் செருகிக்கொண்டிருந்த ஓர் அம்மா.

"இல்லம்மா, இன்டர்நெட்."

"பொம்பளப் பிள்ளைய அனுப்பியிருக்காங்க பாரு, நல்ல கம்பெனி. அப்படியே அந்த ஃபேனையும் பாத்துட்டுப் போம்மா, கடகடங்குது."

பழைய ஜமுக்காளங்களுக்குப் பின்னால் பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்து ஃபைபரையும் அடையாளம் பார்த்துக் கையில் பிடித்தேன். பிடுங்கவில்லை. பிடுங்குவது அவர் வாயால் நடக்க வேண்டும்.

"சொல்லுங்கண்ணே" என்றேன், கதவுப் பக்கம் பார்த்து.

"ஒரே ஒரு மணி நேரம், தங்கச்சி. லைவ் முடிஞ்சிடட்டும்."

"ஒரு மணி நேரத்துல உங்க பழைய லைன வெட்டிடுவாங்க. அப்புறம் ஏரிக்கரைக் குடைக்காரன்தான் உங்க ஆளுங்களுக்கு மேட்ச் காட்டுவான்."

அந்த நேரம் பார்த்து மாசிலாமணியே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் சந்தனக் கிண்ணம்.

"என்ன சம்பந்தி, பொம்பளைங்க ரூம் வாசல்ல நிக்கிறீங்க?"

சேகர் அண்ணன் சொல்லிவிட்டார். முழுவதையும், ஒரே மூச்சில். பெட்டி, மேட்ச், குடை, எல்லாம். கடைசியில், "லைவ் நின்னுபூடும், சம்பந்தி. கோச்சிக்கக் கூடாது" என்றார்.

மாசிலாமணி சந்தனக் கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தரையைப் பார்த்தார். "அது நிக்காது, சம்பந்தி" என்றார்.

"ஏன்?"

"லைவ் இதுல போகல." ஆபீஸ் ரூம் பக்கம் கையைக் காட்டினார். கதவு இடுக்கில் எனக்கும் தெரிந்தது. சுவரில் புத்தம் புதுசாக ஒரு வெள்ளைப் பெட்டி. குடைக்காரக் கம்பெனியுடையது. "உங்க லைன் ரொம்ப மெதுவா இருந்துது. கல்யாண பார்ட்டிங்க எல்லாம் சத்தம் போட்டாங்க. உங்க கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு மூணு மாசமா..."

மூன்று மாதமாக ஒருவர் யாருக்கும் வேண்டாத லைனை மரியாதைக்காகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மற்றவர் அதைத் தொடாமலே மரியாதைக்காக வைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் அந்தப் பெட்டி மட்டும் உண்மையாக உழைத்திருக்கிறது. பூ வைத்துக்கொண்டிருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நான் ஸ்டூலில் நின்றுகொண்டு ஜமுக்காளத்தை மிகக் கவனமாகப் பார்த்தேன்.

"புடுங்கும்மா" என்றார் சேகர் அண்ணன்.

பிடுங்கி, இரண்டு ஃபைபரையும் நேராக இணைத்தேன். சாரையும் கலா அக்காவையும் ஒரே போன் அழைப்பில் சேர்த்தேன். "வெளிச்சம் மங்கலா வருது" என்றார் சார். மங்கலுக்குச் சந்தோஷப்பட்ட குரலை அன்றுதான் கேட்டேன். பியர் எழுந்தது. அலுவலகத்தில் சார் காத்திருந்தார், பருத்திப்பட்டில் கலா அக்கா காத்திருந்தார், மண்டபத்தில் இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் காத்திருந்தார்கள். மூன்று நிமிடம் தாண்டியது. இன்னொரு மூன்று நிமிடமும் தாண்டிய பிறகு, "நின்னுடுச்சு சார்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"வழியெல்லாம் வந்து சேந்துடுச்சு. கலா அக்கா எண்ணிக்கையைப் படிச்சாங்க, நீங்க அனுப்புன எண்ணிக்கையும் அதுவும் ஒண்ணுதான். பெரிய பிங்கும் திரும்பி வருது."

"ம்" என்றார். கூடவே, "அந்தப் பெட்டியைக் கையோட எடுத்துட்டு வா. அங்கேயே விட்டா நாளைக்கு அந்த ஆள் வேற எங்கயாவது சொருகுவார்."

மாசிலாமணி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. புளிசாதம், எலுமிச்சம்பழ சாதம், தேங்காய் சாதம் எல்லாம் வரிசையாக வந்தன. சேகர் அண்ணன் முதல் இரண்டு சாதத்தையும் குனிந்தபடியே முடித்தார். தயிர்சாதத்துக்கு வரும்போது நிமிர்ந்து, "சம்பந்தி, அந்தக் கம்பெனிக்கு இப்பவே போன் போட்டு வாணாம்னு சொல்லு. என் எதிர்ல சொல்லு. நாளைக்குத் தனி ஃபைபர் இட்டாறேன்" என்றார்.

"ரெண்டும் இருக்கட்டுமே. ஒண்ணு போனா ஒண்ணு."

சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். தொழில்முறையில் மாசிலாமணி சொன்னதுதான் சரி.

கிளம்பும்போது எனக்கும் தாம்பூலப் பை கொடுத்தார்கள். வளையல், வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய். பெட்டியையும் அதற்குள்ளேயே திணித்து, சேகர் அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். அம்பத்தூர் ரோட்டில் போகும்போதே கலா அக்காவின் போன் வந்தது. பழைய லைனை வெட்டிவிட்டார்களாம், டாஸ் போட்டாயிற்றாம், ஒரு வீட்டிலிருந்தும் புகார் இல்லையாம். சேகர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எஸ்டேட் வாசலில் இறங்கியதும் கையை நீட்டினார். "தங்கச்சி, அந்தப் பொட்டியைக் குட்த்துடு. நல்ல பொட்டிம்மா அது. சென்னீர்குப்பத்துல மச்சான் ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுகினு கீறாரு."

நான் பைக்குள் கையை விட்டு, தேங்காயை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, படியேறிவிட்டேன்.